ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற வேலை

பிள்ளைகளே, நான் ஓய்வு பெற்று இருபது நாள் ஆகிறது. நீங்கள் நம் சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள், "வந்து உங்க அனுபவத்தைச் சொல்லுங்க அக்கா" என்று கூப்பிட்டீர்கள். என் கையில் மைக்கைக் கொடுத்தால் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும் என்று என் வீட்டுக்காரருக்குப் பயம். "எழுதிக் குடுத்துடு, படிக்கிறவங்க படிக்கட்டும், தூங்குறவங்க தூங்கட்டும்" என்றார். ரிடையர்டு வாத்தியார் புத்தி. அதனால் எழுதுகிறேன்.

பாரம் நிரப்புவது, ஸ்கேன் பண்ணுவது, சர்வர் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் போன வாரம் சும்மா எட்டிப் பார்க்க வந்தபோது ஒன்றைப் பார்த்தேன். ஒரு அம்மா தன் போனையே கவுண்டருக்குள் நீட்டி, "ஓ.டி.பி.யோ என்னமோ வருமாமே, நீயே பாத்துப் போட்டுக்க தம்பி" என்றார்கள். நம் தம்பியும் வாங்கிப் போட்டுக்கொண்டான். அவன் நல்ல பிள்ளை. தப்பாக எதுவும் செய்யவில்லை. ஆனால் எனக்கு அது பொறுக்கவில்லை. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படி வாங்கி வைத்துக்கொண்ட நல்ல பிள்ளைதான்.

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் மண்டி. அந்த மண்டிக்காரர்தான் எங்கள் முதலாளி. எஸ்.டி.டி. பூத்துகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரவுசிங் சென்டராக மாறிக்கொண்டிருந்த காலம் அது. அவரும் மண்டியின் முன்பக்கத்தைத் தடுத்து, நாலு கம்ப்யூட்டர் போட்டு, என்னை உட்காரவைத்தார். உள்ளே தேங்காய் எண்ணுகிற சத்தம், வெளியே மோடம் கத்துகிற சத்தம். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஆள் போகாத வீடு கிடையாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒருவர் சிங்கப்பூர் போனார், வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் இன்னொருவர் துபாய் போனார், படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். போனவர்கள் மெயில் போட்டார்கள். இருந்தவர்கள் என் கடைக்கு வந்தார்கள்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மெயில் என்றால் என்னவென்றே தெரியாது. நான்தான் ஆளுக்கொரு ஐ.டி. திறந்து கொடுத்தேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தினம் ஒரு ரகளை நடந்ததால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி. அவரவர் பெயர், அதோடு எங்கள் கடை போன் நம்பரின் கடைசி நாலு எண். யாருக்கும் மறக்காது. அதுவும் போதாதென்று பெயர், யாருடைய மகன் அல்லது யாருடைய மனைவி, எந்த ஊர், மெயில் ஐ.டி., பாஸ்வேர்டு என்று கட்டம் போட்டு அடித்து, பிரிண்ட் எடுத்து, என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "மூளைக்காரி!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "எந்த ஊரு? யாரு வீடு? மகன் என்ன பண்றான்?" என்று கேட்காவிட்டால்தான் நமக்கு வருத்தம். விசாரிப்பதுதான் பிரியம். கேட்டவரிடம் "தெரியாது" என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி. எனக்கோ அந்தக் கடையில் உட்கார்ந்த பிறகு தெரியாதது என்று ஒன்றும் இல்லை. யார் மகனுக்கு விசா வந்தது, யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் என் விரல் நுனியில். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அதை ஒரு சேவையாகவே நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஒரு பெரியம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் மகன் சிங்கப்பூரிலிருந்து போட்ட மெயிலை நான் முன்னமே திறந்து வைத்திருந்தேன். சந்தோஷம் பொறுக்காமல் வாசலுக்கு ஓடி, "பெரியம்மா, பாட்டி ஆகப்போறீங்க!" என்று கத்தினேன். டீக்கடை, மண்டி, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் திரும்பிப் பார்த்தன. அந்த அம்மாவின் முகம் ஒரு நொடி சுண்டிப்போனது. "மூணு மாசம் முடியலையே கண்ணு, அதுக்குள்ள ஊரைக் கூட்டிட்டியே" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அப்புறம் சிரித்து, எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அன்றைக்கு அந்த அம்மா என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். பன் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்.

இனிமேல் வருவதுதான் நான் சொல்ல வந்தது.

ஒரு நர்ஸ் எங்கள் கடைக்கு வருவாள். பெயர் சொல்ல மாட்டேன். எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி சிஸ்டர் என்றே எழுதுகிறேன். தரங்கம்பாடிப் பக்கத்தில் பிறந்து, எங்கள் ஊர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், நான் மாற்றி எழுதியதாகவும் இருக்கலாம். நோண்டாதீர்கள். டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தாள். புருஷன் குவைத்தில் டிரைவர். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் சேர்ந்து இருந்தது மொத்தமாகக் கூட்டினால் ஏழு மாதம் தேறாது. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. மாமியார், கொழுந்தனோடு ஒரே வீட்டில் இருந்தாள். நல்ல குடும்பம்தான், சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது.

சிஸ்டர் சென்னைக்குப் போய் ஒரு இன்டர்வியூ கொடுத்து வந்திருந்தாள். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரி. கிடைத்தால் புருஷன் இருக்கிற ஊரிலேயே வேலை. ஆர்டர் கையில் வருகிற வரைக்கும் வீட்டில் சொல்வதில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு பண்ணியிருந்தார்கள். சொன்னால் மாமியார் அழுவார்கள், குழந்தையை விட்டுப் போகிறாயா என்பார்கள், ஆர்டர் வரும் முன்னே மனசு கலைந்துவிடும் என்று பயம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அவள் தினம் வந்து மெயிலைத் திறந்து பார்த்து, "வரலையா அக்கா" என்று கேட்டுவிட்டுப் போவாள் என்பது மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை அவள் கொழுந்தன் வந்தான். அவனும் நம் கஸ்டமர்தான். தென்னந்தோப்பு வைத்திருந்தான். மண்டிக்குத் தேங்காய் கொண்டுவரும்போதெல்லாம் எனக்கு ரெண்டு இளநீர் வைத்துவிட்டுப் போகிற பிள்ளை.

"அக்கா, அண்ணிக்கு இந்த வாரம் புல்லா டூட்டி. அண்ணன் லெட்டர் ஏதும் போட்டிருக்காரான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"இருப்பா, பாத்துடுவோம்" என்றேன்.

கண்ணாடிக்கு அடியில் பார்க்கக்கூடத் தேவையில்லை, எனக்கே மனப்பாடம். திறந்தேன். அண்ணன் மெயில் ஒன்று இருந்தது. பிரிண்ட் எடுத்தேன். பிள்ளைகளே, நான் அதைப் படிக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதைப் படிக்கிற அளவுக்கு நான் மட்டமான ஆள் இல்லை. அதிலும் எனக்கு ஒரு கர்வம். போகிற வழியில் வேறு யாரும் படித்துவிடக் கூடாதே என்று நாலாக மடித்து, ரெண்டு பக்கமும் ஸ்டேப்ளர் அடித்து, "நேரா வீட்ல குடுத்துடு தம்பி" என்று பத்திரமாக, யாருக்குத் தெரியக் கூடாதோ அவன் கையிலேயே கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவன் மறுபடி வந்தான். மூன்றாவது மெஷினில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, வந்த மெயிலுக்குப் பதில் போடணும்னா எதை அமுக்கணும்?" என்றான். நான் எழுந்து போய், திரையில் வேறெதையும் பார்க்காமல், அந்தப் பட்டனை மட்டும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சிஸ்டர் வந்தாள். யூனிபாரத்தோடு, டூட்டியின் நடுவிலேயே ஓடி வந்திருந்தாள். எப்போதும் வருகிறவள் மாதிரி வரவில்லை. கடையில் ரெண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் போகும்வரை நின்றாள். அப்புறம்தான் கேட்டாள்.

"அக்கா, என் மெயிலை யார்கிட்ட குடுத்தீங்க?"

"உன் கொழுந்தன்தான் வந்துச்சு. வீட்டு ஆள்தானே சிஸ்டர்..."

"வீட்டு ஆளுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அக்கா அதை மெயில்ல எழுதினாரு."

முந்தின நாள் குவைத்திலிருந்து அவள் புருஷன் போன் பண்ணியிருக்கிறார். மாமியார் போனை வாங்கி, "ரெண்டு பேரும் சேர்ந்து எங்களை ஏமாத்துறீங்களா" என்று அழுதிருக்கிறார்கள். ஆர்டர் வரும், வீட்டில் சொல்லாதே என்று அவர் எழுதிய வரி அந்த அம்மாவின் கையில் இருந்திருக்கிறது. நான் ஸ்டேப்ளர் அடித்த காகிதம்!

அவள் மெயிலைத் திறந்தோம். உள்ளே புதிதாக ஒன்றும் இல்லை. அவளுக்கு ஏதோ தோன்றி, அனுப்பியவை இருக்கும் இடத்தைத் திறக்கச் சொன்னாள். அதில் அவள் பெயரில் வியாழக்கிழமை போன ஒரு மெயில். குடும்பக் காரணங்களால் இந்த வேலையில் சேர முடியாது, மன்னிக்கவும் என்று ரெண்டு வரி. அழித்துப் போட்ட மெயில்களுக்கு நடுவே அந்த ஆஸ்பத்திரியின் ஆர்டர் கிடந்தது. புதன்கிழமையே வந்திருக்கிறது. அடுத்த புதன்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். பதில்தான் போய்விட்டதே. அதற்குப் பட்டனைக் காட்டிக் கொடுத்தவள் நான்.

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

எனக்கு வந்த கோபத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. "அந்தப் பயலை நான் விடமாட்டேன் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே கீபோர்டை இழுத்தேன். அவனுடைய பாஸ்வேர்டும் எனக்குத் தெரியுமே! அவன் மெயிலைத் திறந்து, வேறு என்னென்ன பண்ணியிருக்கிறான் என்று பார்த்து, பிரிண்ட் எடுத்து, ஊரில் நாலு பெரிய மனுஷர் முன்னால் வைத்துவிடுகிறேன் என்று அவன் பெயரில் பாதி அடித்துவிட்டேன். சிஸ்டர் தன் கையை கீபோர்டின் மேல் வைத்தாள்.

"வேணாம் அக்கா."

"ஏன் வேணாம்? அவன் உன்னுதைத் தொறக்கலையா?"

"எங்க வார்டுல ஒரு பொம்பளை படுத்திருந்தா, அவளுக்கு என்னன்னு அவ புருஷன் வந்து கேட்டாக்கூட, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் சொல்வோம். அவ தூக்கத்துல இருந்தா எழுந்திரிக்கிற வரைக்கும் சொல்ல மாட்டோம். புருஷன் கெட்டவன்னு இல்லை. அது அவளோடது, அவ்வளவுதான். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். இப்பவும் எனக்காகத்தான் தொறக்குறீங்க. ஆனா என் கொழுந்தனோடதும் அவரோடதுதானே அக்கா."

என்னைவிட எட்டு வயது சின்னவள். தன் வேலை போய்விட்டதே என்று தவித்துக்கொண்டு இருக்கிறவள். அந்த நேரத்தில் இதை எப்படிச் சொன்னாள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நான் அடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். தலையில் கை வைத்துக்கொண்டார். "வைரஸ் வந்து தானா மெயில் போயிருச்சுன்னு எழுதிடும்மா. வெளிநாட்டுக்காரன், வைரஸ்னா நம்புவான். கடைப் பேர் கெட்டுட்டா நாளைக்கு ஒரு ஈ காக்கா உள்ள வராது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது அவர் பிழைப்பு, என் பிழைப்பும்தான். ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். வைரஸ் என்று எழுதினால், இந்தப் பெண்ணின் மெயிலை எப்போதும் நம்ப முடியாது என்று ஆகிவிடும். "நான் அனுப்பவில்லை" என்று சிஸ்டர் மட்டும் எழுதினால், நேற்று ஒன்று இன்று ஒன்று பேசுகிறவள் என்று நினைப்பார்கள். நடந்ததை நடந்தபடி, தப்புச் செய்தவளே எழுதினால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும். தப்புச் செய்தவள் கடையில் நான் ஒருத்திதான் இருந்தேன். கொழுந்தனைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். இந்தத் தடவை கேட்டுவிட்டு எழுதினேன்.

என் இங்கிலீஷ் அரைகுறை. டிக்ஷனரியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அடித்தேன். நான் இந்தக் கடையின் பொறுப்பாளர், இந்தப் பெண்ணின் பாஸ்வேர்டை நான் வைத்திருந்தேன், யாரும் பார்க்கும்படி வைத்திருந்தேன், அவளுக்குத் தெரியாமல் வேறொருவர் அதைப் பயன்படுத்திப் பதில் அனுப்பிவிட்டார், தவறு என்னுடையது, அவளுடையது அல்ல. கீழே என் பெயர், கடையின் பெயர், போன் நம்பர் எல்லாம் போட்டேன். சிஸ்டரைப் படிக்கச் சொல்லி, அவள் சரி என்ற பிறகு அனுப்பினேன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு தேங்காய் எண்ணப் போய்விட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பப்போகிறார் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை கடை போன் அடித்தது. குவைத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரியின் ஆபீஸ். ஒரு மலையாளத்து அம்மா பேசினார்கள். "நீங்கதானே கடிதம் எழுதினது? நன்றி. உங்ககிட்ட ஒன்றும் கேட்கவில்லை, அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்க" என்று அவர்கள் தமிழில் சொன்னார்கள். அரை மணியில் மறுபடி கூப்பிடுவதாக வைத்துவிட்டார்கள். நான் ஆட்டோ பிடித்து நர்சிங் ஹோமுக்குப் போய் சிஸ்டரைக் கூட்டி வந்தேன். போன் வந்தது. அவளை உட்காரவைத்துவிட்டு, வழக்கம்போல நானும் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். போட்டவள், சிஸ்டர் முகத்தைப் பார்த்தேன். எழுந்து வெளியே போனேன். முதுகைக் கடைக்குக் காட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேராவூரணி பஸ் போனது, மன்னார்குடி பஸ் வந்தது. உள்ளே என்ன பேசுகிறாள் என்று காது துடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்காமல் நின்ற அரை மணி நேரம் அது. சிரிக்காதீர்கள், பிரசவ வலிக்கு அடுத்தபடி அதைத்தான் சொல்வேன்.

அவள் வெளியே வந்து தானாகச் சொன்னாள். அந்த இடத்துக்கு சனிக்கிழமையே வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்களாம். ஆனால் அவள் பெயரை அடுத்த பேட்சுக்கு வைத்திருக்கிறார்கள். எட்டு மாதம் ஆகும். புதிதாக ஒரு மெயில் ஐ.டி. திறந்து அனுப்பச் சொன்னார்களாம், அதன் பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்றார்களாம்.

எட்டு மாதம்! ஏற்கெனவே ஆறு வருஷம் காத்திருந்தவளுக்கு நான் போட்ட கூடுதல் எட்டு மாதம். "நான் என்ன சொல்றதுன்னு தெரியலை சிஸ்டர்" என்றேன். அவள், "முதல்ல புது ஐ.டி. தொறங்க" என்றாள். பெயரெல்லாம் போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டு கட்டம் வந்ததும் மறுபடி ரோட்டுக்குப் போனேன். உள்ளே கீபோர்டை அவள் தட்டிய தட்டு எனக்கு வெளியே கேட்டது. அவ்வளவு கோபம். இருக்காதா பின்னே?

அன்று சாயங்காலமே கண்ணாடியைத் தூக்கி, அந்தக் காகிதத்தை எடுத்துக் கிழித்தேன். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தேன். அடுத்த ரெண்டு வாரம் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நானே சொன்னேன். "உங்க பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். இந்த மேஜைகிட்ட வந்து நின்ன எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அதனால ஒருத்தருக்குக் கஷ்டம் வந்துருச்சு. தப்பு என்மேல. இப்பவே மாத்திக்கங்க, நான் வெளிய நிக்கிறேன்." யாருக்குக் கஷ்டம், என்ன கஷ்டம் என்று சொல்லவில்லை. கேட்டார்கள், கேட்காமல் இருப்பார்களா! பாதிப் பேருக்கு என்மேல் வருத்தம். "உன்கிட்ட எனக்கு என்னம்மா ரகசியம்? நீயே வச்சுக்க" என்று பாட்டியாகப் போன அந்தப் பெரியம்மா கோபித்துக்கொண்டார்கள். "உங்க மகன் உங்களுக்கு மட்டும் சொல்றதை நான் முதல்ல பாக்கக் கூடாது பெரியம்மா" என்றேன். "இப்பவாச்சும் தோணுச்சே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அந்த நாள் அவர்களுக்கும் மறந்திருக்கவில்லை.

ஒரு வாரம் பேசாமல் இருந்த முதலாளியும் வந்தார். "எனக்கும் மாத்தணுமா?" என்றார். "ஆமாங்க." "நான் அடிக்கிறப்ப நீ வெளிய போவியா?" "போவேங்க." "என் கடையில நான் உக்காந்து அடிக்க, நீ ரோட்ல நிப்ப. நல்லாருக்கும்மா நியாயம்" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். முடித்ததும், "அந்த லெட்டரை நீ எழுதினதுதான் சரி" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு பதினொரு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன்.

கொழுந்தனும் வந்தான். அவனுக்கும் நான் சொல்லியாக வேண்டும், அவனுடையதும் அதே காகிதத்தில்தான் இருந்தது. மற்றவர்களிடம் சொன்ன அதே வார்த்தைகளை அவனிடமும் சொன்னேன். இளநீர் கொண்டுவரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"யார்கிட்டயும் என் பேரைச் சொல்லலையா அக்கா?"

"இல்லை."

"அண்ணி போனா அண்ணனும் அங்கேயே தங்கிடுவாரு. அப்புறம் பாப்பாவையும் கூட்டிக்குவாங்க. பாப்பா பக்கத்துல படுக்கலைன்னா அம்மாவுக்குத் தூக்கம் வராது அக்கா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை."

அவனை அறையலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. "இதை உங்க அண்ணிகிட்ட நேருக்கு நேர் சொல்லியிருந்தா அது உன் உரிமைப்பா. அவ பேர்ல எழுதினியே, அதுதான் மகா தப்பு" என்றேன். பிறகு நாற்காலியைக் காட்டி, "உக்காரு, உன்னுதை மாத்திக்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது. எட்டு மாதம் கழித்து சிஸ்டர் கிளம்பிய அன்று திருச்சி பஸ்ஸில் பெட்டியை ஏற்றியது அவன்தான். பாப்பா அவன் தோளில் உட்கார்ந்து கையாட்டியது. மாமியார் பக்கத்தில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் அதைப் போட்டோ எடுத்தார். சிஸ்டர் போனபிறகு கொழுந்தன் அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து, "அண்ணிக்கு அனுப்பணும் அக்கா" என்றான். ஸ்கேன் பண்ணி அவளுடைய புது ஐ.டி.க்கு அனுப்பினேன். கடைக் கம்ப்யூட்டரில் இருந்த காப்பியை அவன் கண்முன்னாலேயே அழித்தேன். அதுதான் அதற்குள் எங்கள் கடை வழக்கமாகிவிட்டதே.

சொல்ல மறந்துவிட்டேன். அந்த எட்டு மாதமும் சிஸ்டர் எங்கள் கடைக்குத்தான் வந்தாள். அதற்குள் அந்த ரோட்டிலேயே இன்னும் ரெண்டு சென்டர் வந்துவிட்டன. "ஏன் சிஸ்டர் இங்கேயே வர்றே?" என்று ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன். "ஒரு தடவை மருந்தை மாத்திக் குடுத்துட்டுப் பயந்த நர்ஸ், அப்புறம் சீட்டை மூணு தடவை படிக்காம பாட்டிலைத் தொறக்க மாட்டா. நான் அவகிட்டதான் மருந்து வாங்குவேன்" என்றாள். எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலையில் நான் வாங்கிய சர்டிபிகேட் அது ஒன்றுதான்.

அப்புறம் நான் நம் சேவை மையத்துக்கு வந்ததும், உங்களுக்கு முன்னால் இருந்தவர்களைப் படுத்தி எடுத்ததும் உங்களுக்கே தெரியும். "பாஸ்வேர்டு போடறப்ப எந்திரிச்சுப் போ", "காப்பியை வச்சுக்காதே", "அண்ணன் கேட்டாலும் தம்பி கேட்டாலும் உரியவரைக் கேட்டுட்டுச் சொல்லு" என்று நான் கத்திய கத்தலில் எனக்கு வைத்த பட்டப்பெயரும் எனக்குத் தெரியும். ரோடு அக்கா! வைத்தவன் யார் என்றும் தெரியும்.

நான் ஓய்வு பெறுகிற வாரத்தில் குவைத்திலிருந்து போன் வந்தது. சிஸ்டர்தான். இத்தனை வருஷத்தில் பண்டிகைக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டுவிடுவாள். பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாமியார் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்தத் திருச்சி பஸ் போட்டோதான் வேண்டும் என்று பாப்பா பிடிவாதமாம். ஒரிஜினல் படம், கொழுந்தன் வீட்டில் மழைத் தண்ணீர் இறங்கியதில் வீணாகிவிட்டது. அவள் மெயிலில் இருக்கிறது. புது போன் வாங்கியிருக்கிறாள், அது பாஸ்வேர்டு கேட்கிறது. இத்தனை வருஷம் அடித்ததே இல்லை, மறந்துவிட்டது.

"அக்கா, உங்ககிட்ட காப்பி ஏதாச்சும் இருக்குமா?"

"அன்னிக்கே அழிச்சுட்டேனேம்மா."

"பாஸ்வேர்டு? உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

பிள்ளைகளே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு! ஒரு காலத்தில் ஊரில் இருக்கிற அத்தனை பேருடையதும் மனப்பாடமாக வைத்திருந்தவள். இன்றைக்கு ஒரு குழந்தை ஆசைப்பட்ட போட்டோவுக்கு அந்த ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. நீ அடிச்சப்போ நான் ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

அந்தப் பக்கம் திடீரென்று ஒரு சிரிப்பு. ஐம்பதைத் தொட்ட பொம்பளை, சின்னப் பிள்ளை மாதிரி அடக்க முடியாமல் சிரிக்கிறாள்.

"ஞாபகம் வந்துருச்சு அக்கா! நீங்க ரோட்ல முதுகைக் காட்டிக்கிட்டு நின்னீங்களே, அதைப் பாத்துக்கிட்டே அடிச்சேன். அன்னிக்கு உங்க மேல இருந்த கோவத்துல, உங்களைத் திட்டி ஒரு வார்த்தை வச்சேன்!"

போனை வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். பத்து நிமிஷத்தில் அந்தப் போட்டோ என் போனுக்கு வந்தது. பாப்பா கொழுந்தன் தோளில், மாமியார் முந்தானையோடு, பஸ் ஜன்னலில் சிஸ்டரின் பாதி முகம். ஓரத்தில் எங்கள் கடை வாசலில் நானும் நிற்கிறேன்.

என்ன வார்த்தை வைத்தாய் என்று கேட்க எனக்கு நாக்கு அரிக்கிறது. குரங்கா, எருமையா, லூசா, வேறு ஏதாவதா? இருபது நாளாகச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்குப் போவேன், அவள் பக்கத்தில்தான் உட்காருவேன். கேட்க மாட்டேன்.